எட்டு விநாடிக்கு அப்புறம்

முதல் நாள், சனிக்கிழமை: மெஸ்கீட்

மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. டெக்சஸில் ப்ளேனோ. காலையில் நடை, மதியம் தூக்கம், சாயங்காலம் பேத்தியோடு கேரம். 31 வருஷம் மைதானத்தில் விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியருக்கு இது எத்தனை நாள் ஒத்துவரும்? "எங்கேயாவது கூட்டிட்டுப் போடா" என்று நச்சரித்ததில் மகன் மூன்று நாள் லீவு போட்டான். நயாகரா, கிராண்ட் கேன்யன் என்று அவன் கையில் ஒரு பட்டியல் இருந்தது. நான் ஓக்லஹோமா மாநிலத்து ஹென்ரியெட்டா என்றேன். பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காவில் இருப்பவனுக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியவில்லை. மேப்பில் பார்த்துவிட்டு, "அப்பா, அங்க ஒண்ணுமே இல்லையேப்பா" என்றான்.

எல்லாம் ஒரு பேண்ட்டால் வந்தது. போன வாரம் எனக்கு ரேங்ளர் ஜீன்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தான். 67 வயதில் முதல் ஜீன்ஸ். அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறதே, இதை எவன் போடுவான் என்று தேடிப் படிக்கப்போய் கதை கிடைத்தது. 1947இல் கௌபாய்களுக்கென்றே தைத்த பேண்ட் அது. சேணத்தைக் கீறாத தட்டை ரிவெட், குதிரைமேல் உட்கார்ந்தால் உறுத்தாதபடி மேலே ஏற்றி வைத்த பின்பாக்கெட். தைத்த மாதிரிகளைப் போட்டுப் பார்த்துக் குறை சொன்ன மூன்று ரோடியோ (துள்ளும் குதிரை, காளைமேல் ஏறும் கௌபாய் போட்டி) வீரர்களில் ஒருவர் ஜிம் ஷோல்டர்ஸ். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். 16 உலகப் பட்டம். அதில் ஏழு காளைச் சவாரியில், நான்கு சேணமில்லாத குதிரைச் சவாரியில், ஐந்து எல்லாப் போட்டியும் சேர்த்து. சரி, பெரிய ஆள்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்த வரி: 1962இல் ஹென்ரியெட்டாவில் தன் பண்ணையிலேயே ரோடியோ சவாரிக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்த வகையில் அதுதான் முதல் பள்ளி என்கிறார்கள்.

நன்றாக விளையாடுகிறவன் நன்றாகச் சொல்லிக்கொடுப்பான் என்று நான் நம்புவதில்லை. மாநில அளவில் ஆடிய கபடி வீரர்கள் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள். பையன் எங்கே தப்பு பண்ணுகிறான் என்று கேட்டால், "இப்படி இல்ல சார், இப்படி" என்று தானே பாய்ந்து காட்டுவார்கள். அதற்கு மேல் வார்த்தை வராது. துள்ளும் காளைமேல் எட்டு விநாடி உட்காருவதைக் கரும்பலகையில் எழுதிப் போட முடியுமா? பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது.

கிளம்புவதற்கு முன்னால் ரோடியோ என்றால் என்ன என்று ஒருதரமாவது கண்ணால் பார்க்க வேண்டாமா? இன்று சாயங்காலம் டல்லாஸுக்குக் கிழக்கே மெஸ்கீட் போனோம். கோடையில் சனிக்கிழமை தோறும் இங்கே ரோடியோ உண்டு. 1958இல் தொடங்கியது, நீல் கே என்பவரும் சில கூட்டாளிகளும் சேர்ந்து. அந்தக் கூட்டாளிகளில் ஷோல்டர்ஸும் ஒருவர்.

கன்றுக்குக் கயிறு வீசினார்கள். பெண்கள் பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டினார்கள். காளை கடைசியில்தான். ஆளும் மாடும் ஒன்றாக அடைபட்டிருக்கும் இரும்புக் கூண்டைக் காட்டி, "தாத்தா, இதுதான் வாடிவாசலா?" என்றாள் பேத்தி. பொங்கலுக்கு வீடியோவில் ஜல்லிக்கட்டு பார்த்திருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்றுக்கொன்று தலைகீழ். அங்கே ஓடிவரும் காளையின் திமிலை வெளியே நிற்பவன் தாவிப் பிடிக்கிறான். இங்கே உள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டு வெளியே வருகிறான். ஒரு கை மட்டும்தான் கயிற்றில். இன்னொரு கை மாட்டின்மேலோ தன்மேலோ பட்டால் ஆட்டம் அவுட். எட்டு விநாடி தாக்குப்பிடித்தால்தான் மார்க். நூற்றில் பாதி ஆளுக்கு, பாதி மாட்டுக்கு! சாதுவான மாடு வாய்த்தால் நீ எவ்வளவு அழகாக உட்கார்ந்தும் பிரயோசனம் இல்லை.

திமில் என்றதும் ஒன்று. இந்த மாடுகளில் பலவற்றுக்குத் திமில் இருக்கிறது. ரோடியோ காளைகளின் ரத்தத்தில் பிராமன் இனம் கலந்திருக்கிறது. பிராமன் என்பது கிர், ஓங்கோல், குஜராத் மாடுகளை நம் நாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே உருவாக்கிய இனம். தூரத்துச் சொந்தம் என்று பேத்தியிடம் சொன்னேன். கை காட்டினாள், மாட்டுக்கு.

பின்தொடைக்கு முன்னால், அடிவயிற்றைச் சுற்றி ஒரு கயிறு கட்டுகிறார்கள். அதை உயிர்நிலையில் கட்டி வதைக்கிறார்கள் என்று நானும் எங்கோ கேட்டிருக்கிறேன். கிட்டே போய்ப் பார்த்தேன், அங்கே கட்டவில்லை. அந்தக் கயிற்றை உதறத்தான் காளை பின்னங்கால்களைத் தூக்கி வீசுகிறது. மாட்டுக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிகிறது. சரியா தப்பா என்று இங்கேயும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எட்டு விநாடி மணி அடித்ததும் கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தால் காளைக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்கிறது. இவன் இறங்க வேண்டும். மார்க் கிடையாத அந்த மூன்று விநாடிதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது.

இரண்டாம் நாள், ஞாயிறு: ஓக்லஹோமா சிட்டி

ப்ளேனோவிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டர். ரெட் ரிவர் பாலத்தைத் தாண்டியதும் ஓக்லஹோமா. ஆற்றில் தண்ணீரைவிட செம்மண்தான் அதிகம். மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் பாதி வழியிலேயே தீர்ந்தது.

இங்குள்ள தேசிய கௌபாய் அருங்காட்சியகம் பெரியது. நுழைந்ததும் வெள்ளை வெளேரென்று ஒரு சிலை: ஈட்டி தாழ்ந்து, தலை தொங்கி, களைத்த குதிரைமேல் ஒரு செவ்விந்தியர். 18 அடி உயரம். ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் 1915 கண்காட்சிக்குச் செய்தது. கௌபாய்களைக் கொண்டாடும் கட்டடத்தில் வரவேற்பவர் தோற்றுப்போனவர் என்பதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். மகன் ஓவியக்கூடம் பக்கம் போனான். எனக்கு ஓவியத்தில் நாட்டமில்லை.

ரோடியோப் பகுதியில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டி, சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போய், ஜெயித்தால்தான் காசு. 1936இல் பாஸ்டனில் பரிசுத்தொகை போதாது என்று வீரர்கள் ஆட மறுத்து வெளியேறினார்கள். அப்போது தொடங்கிய சங்கத்துக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் ஆமைகள் சங்கம். தலையை வெளியே நீட்ட இத்தனை காலம் ஆயிற்றே என்பதால். தங்களையே இப்படிக் கிண்டலடித்துக்கொண்ட தொழிற்சங்கத்தை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஷோல்டர்ஸ் இந்த மண்டபத்தின் கௌரவப் பட்டியலில் 1955இலேயே ஏறிவிட்டார். 27 வயது! அவருடைய பட்டங்களில் பெரும்பாலானவை அதற்கு அப்புறம் வந்தவை. 1956 முதல் 1959 வரை நான்கு வருஷம் வரிசையாக ஒட்டுமொத்தச் சாம்பியன். மொத்தப் பட்டக் கணக்கில் பின்னாளில் கயிறு வீசும் வீரர்கள் அவரைத் தாண்டிவிட்டார்கள், டிரெவர் பிரசீல் போல. துள்ளும் விலங்கின்மேல் ஏறுபவர்களில் அந்த 16ஐ யாரும் தொடவில்லை.

தோட்டத்தில் சமாதிகள் இருக்கின்றன. மனிதர்களுக்கில்லை. மிட்நைட் என்ற கறுப்புக் குதிரை ஒன்று, தன்மேல் ஏறியவர்களைத் தள்ளியே பெயர் வாங்கியது, கல்லில் கவிதையோடு கிடக்கிறது. எனக்கு வேண்டிய சமாதி டொர்னேடோ என்ற காளையுடையது.

டொர்னேடோ ஷோல்டர்ஸின் மாடு. சவாரியை நிறுத்தியபின் அவர் ரோடியோக்களுக்கு மாடு அனுப்பும் தொழில் செய்தார். இந்த ஒரு காளை ஏறினவர்களை எல்லாம் தள்ளியது. சுமார் 220 பேர், ஒருவர்கூட எட்டு விநாடி இல்லை. 1967 டிசம்பரில் இதே ஊரில் தேசிய இறுதிப்போட்டி. குலுக்கலில் டொர்னேடோ ஃப்ரெக்கிள்ஸ் பிரவுனுக்கு விழுந்தது. அவருக்கு வயது 46. காளைச் சவாரியில் முப்பதைத் தாண்டினாலே கிழவன் என்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1962இல், போர்ட்லண்டில் மாடு தள்ளிக் கழுத்தெலும்பு முறிந்து படுத்தவர் அவர். அந்த வருஷ உலகப் பட்டமே படுக்கையில் கிடந்தபடிதான் கிடைத்தது, அதுவரை சேர்த்த புள்ளிக்கு யாரும் எட்டாததால். அப்படிப்பட்ட ஆள் டொர்னேடோமேல் எட்டு விநாடி உட்கார்ந்தார்.

கேள்வித்தாள் எடுத்தவர் ஷோல்டர்ஸ். ஐந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். யாராலும் எழுத முடியாத அந்தத் தாளை எழுதி முடித்தவர் அவருடைய பழைய தோழர். பேண்ட் சோதித்த மூன்று பேரில் ஃப்ரெக்கிள்ஸும் ஒருவர் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

டொர்னேடோ 1972இல் செத்தது. சமாதியருகே புல்லை ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். "மாட்டுக்குப் போய் இப்படியா" என்றாள் என் மனைவி. "அலங்காநல்லூர்ப் பக்கம் கோயில் காளைக்குக் கட்டலையா?" என்றேன். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், திங்கள்: ஹென்ரியெட்டா

கிழக்கே 145 கிலோமீட்டர், நேர்கோடு போட்ட மாதிரி சாலை. ஹென்ரியெட்டாவில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம், துத்தநாக ஆலை, கண்ணாடி ஆலை எல்லாம் இருந்த ஊர். இப்போது கடைவீதியில் பாதிக் கடைக்குப் பலகை மட்டும் மிச்சம். மகன் சொன்னதில் தப்பில்லை, பார்க்க ஒன்றுமில்லை. டல்லாஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிய ட்ராய் எய்க்மன் இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர் என்று தெரிந்ததும் அவனுக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. "எய்க்மன் ஊராப்பா இது! முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" டல்லாஸ்காரன் ஆகிவிட்டான்.

ஷோல்டர்ஸின் பண்ணை தனியார் இடம். போய் நிற்பது மரியாதையில்லை என்று வேலியோர மண்சாலையில் கொஞ்ச தூரம் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஓக் மரங்கள், மேடும் பள்ளமுமாகப் புல்வெளி. அவர் 2007 ஜூனில், 79 வயதில் இறந்தார்.

உண்மையான பாடம் சாப்பாட்டுக் கடையில்தான் கிடைத்தது. மதியம். வெண்டைக்காயை மாவில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தார்கள். கூடவே தட்டப்பயறு. 1988இல் இந்த மாநில சட்டசபை மாநிலச் சாப்பாடு என்று ஒரு பட்டியலே நிறைவேற்றியிருக்கிறது, அதில் இரண்டும் உண்டு. மனைவி முகத்தில் மூன்று நாளில் முதல்முறையாக நிம்மதி.

பக்கத்து மேஜைப் பெரியவர் என் பேண்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இன்னும் நாலைந்து தரம் துவைத்தால் மடங்கும் என்றார். எங்கிருந்து வருகிறோம், எதற்கு என்று விசாரித்தார். ஷோல்டர்ஸ் பெயரைச் சொன்னதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வலது கைக் கட்டைவிரல் பாதிதான் இருந்தது. இளவயதில் கொஞ்ச காலம் மாடு ஏறியிருக்கிறாராம். ஷோல்டர்ஸ் பள்ளிக்குப் போனீர்களா என்று கேட்டேன். இல்லை, மாமா சொல்லிக்கொடுத்தாராம். இரண்டு மரத்துக்கு நடுவில் எண்ணெய் டிரம் ஒன்றை நான்கு கயிற்றில் தொங்கவிட்டு, அதன்மேல் பையனை ஏற்றி, நான்கு பேர் நான்கு கயிற்றையும் இழுத்து ஆட்டுவார்கள். பேத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

வெளியே அவருடைய பிக்கப் வண்டியில் பேரனுடைய கயிறு கிடந்தது. எடுத்துவந்து என் மடியில் போட்டார். இப்போதும் உள்ளங்கையில் அதன் பிசுபிசுப்பு இருக்கிற மாதிரி இருக்கிறது. தட்டையாகப் பின்னிய கயிறு, பெண்பிள்ளைகள் சடை மாதிரி. நடுவில் கை நுழைய ஒரு பிடி. அடியில் இரண்டு மணி, நம் ஊர் மாட்டு மணியைவிடப் பெரிது. அழகுக்கில்லை, கனத்துக்கு. பிடியை விட்டதும் அந்தக் கனம் கயிற்றை மாட்டின்மேலிருந்து கீழே இழுத்துவிட வேண்டும். ரோசின் என்ற பிசின்தூளைக் கையுறையிலும் கயிற்றிலும் போட்டுச் சூடேறும்வரை தேய்ப்பார்கள். அப்புறம் கயிற்று வாலை உள்ளங்கையில் குறுக்கே வைத்து, புறங்கையைச் சுற்றி, திரும்ப உள்ளங்கைக்குக் கொண்டுவந்து முஷ்டியை மூடி, மற்றக் கையால் அந்த முஷ்டியை நாலு குத்து. என் கையில் அவரே சுற்றிவிட்டார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. முடிச்சு எங்கே என்று தேடினேன். இல்லை. விரலைத் திற என்றார். திறந்தேன். எல்லாம் உதிர்ந்து மடியில் விழுந்தது.

முடிச்சுப் போட்டால் செத்தாய் என்றார். கை மாட்டிக்கொண்டால் ஆள் மாட்டின் பக்கவாட்டில் துணி மாதிரி தொங்குவான்.

கடைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு. அதன் கைப்பிடியில் உட்கார்ந்து இறங்குவது எப்படி என்று காட்டினார், அந்த வயதில். வலது கையால் பிடித்திருந்தால் வலது பக்கம் இறங்கு. இடது கையால் கயிற்று வாலை உருவு. மாடு பின்னங்காலைத் தூக்கும் நேரத்துக்குக் காத்திரு, அந்த உதையே உன்னைத் தூக்கிப் போடும். எதிர்ப்பக்கக் காலை வீசு. எந்தப் பக்கம் இறங்கப் போகிறாயோ அந்தப் பக்கம் பார். கண் போகிற பக்கம் தலை போகும், தலை போகிற பக்கம் உடம்பு போகும். கையும் காலும் சேர்ந்து தரையில் பட வேண்டும். பட்டதும் ஓடு, நிமிர்ந்து நிற்காதே, திரும்பிப் பார்க்காதே. வேலியைத் தொட்ட பிறகு பார்.

காளை ஒரே இடத்தில் சுழலும்போது சுழலின் உட்பக்கத்துக்கு ஒரு பெயர் சொன்னார்: கிணறு. அதற்குள் விழக்கூடாது. விழுந்தால் கொம்பும் குளம்பும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

பேத்தி மூன்று தரம் பெஞ்சிலிருந்து குதித்தாள். மூன்றாவது தரம் சரியாக வந்தது. பெரியவர் தொப்பியைத் தூக்கினார்.

இரவு மோட்டலில் ஏசி வேலை செய்யவில்லை. தூக்கம் வராமல் இதை எழுதுகிறேன். எதற்கு இந்த ஆளைத் தேடிக்கொண்டு வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். 1994இல் என் பள்ளியில் உயரம் தாண்டுதல். ஒன்பதாம் வகுப்புப் பையன், நல்ல உயரம், நல்ல துள்ளல். மண்டலப் போட்டிக்கு ஒரு மாதம். ஓட்டம், காலூன்றல், கம்பிக்கு மேல் முதுகை வளைத்தல், எல்லாம் தினமும் சொல்லிக்கொடுத்தேன். மெத்தை கிடையாது, மணல்தான். கம்பியைத் தாண்டினான், நான் கைதட்டினேன், அவன் இடது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. விழுவதைப் பற்றி நான் ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. தாண்டிய பின் நடப்பது என் பாடத்தில் இல்லை என்றே நினைத்திருந்தேன். அவன் அப்பா வந்து என்னைத் திட்டவில்லை. "சார் என்ன பண்ணுவீங்க, அவன் நேரம்" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான்காம் நாள், செவ்வாய்: டல்சா, ஆயில்டன்

ஒக்மல்கீ வழியாக வடக்கே. மஸ்கோகி பழங்குடி அரசின் தலைநகர் அது. நிற்க நேரமில்லை.

ஷோல்டர்ஸ் 1928இல் பிறந்தது டல்சாவில். எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த நகரம். பண்ணையில் பிறந்து, தொட்டிலிலேயே குதிரை ஏறியவர் என்றுதான் நான் கற்பனை செய்திருந்தேன். டவுன் பையன்! அண்ணன் மார்வின் ரோடியோவுக்குப் போனார், பின்னாலேயே தம்பியும் போனார், அவ்வளவுதான். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறவியிலேயே வந்த வித்தை என்றால் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே தோன்றாது. பதினாலு வயதில் கற்றுக்கொண்டவனுக்குத்தான், தான் எந்த இடத்தில் தடுக்கினோம் என்பது ஞாபகம் இருக்கும்.

ஆயில்டன் டல்சாவுக்கு மேற்கே. பெயரே சொல்கிறது, எண்ணெய் எடுத்த காலத்து ஊர். இப்போது ஒரு சாலையும் இரண்டு சர்ச்சும் கண்ணில் பட்டன. அவருடைய முதல் ரோடியோ இங்கேதான். காளைச் சவாரியில் ஜெயித்து 18 டாலர் வாங்கினார். அப்போது கோதுமை அறுப்பில் மணிக்கு 25 சென்ட் கூலியாம். பேத்தியிடம் கணக்குப் போடச் சொன்னேன். "72 மணி நேரம், தாத்தா." எட்டு விநாடிக்கு 72 மணி நேரக் கூலி. அந்த வயதில் எந்தப் பையன் திரும்ப வயலுக்குப் போவான்?

ஆறு வருஷத்தில், 1949இல், முதல் உலகப் பட்டம். உடைந்த எலும்புகளின் பட்டியலும் கூடவே வளர்ந்தது: காறையெலும்பு, கை, முழங்கால், அதுவும் ஒருதரம் இல்லை.

காரில் போகும்போது மகனோடு சின்ன வாக்குவாதம். அவன் கட்சி: "சாம்பியன் பேர வச்சு ஃபீஸ் வாங்குறதுதாம்ப்பா. கிரிக்கெட் அகாடமி மாதிரி." இருக்கலாம், அவர் ஒன்றும் தர்மத்துக்கு நடத்தவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பையன் எங்கே கற்றுக்கொண்டான் என்று யோசிக்க வேண்டும். கட்டணம் கட்டிப் போட்டியில் இறங்கு, குலுக்கலில் வந்த மாட்டில் ஏறு, விழு, வீட்டுக்குப் போ. என்ன தப்பு என்று சொல்ல ஆளில்லை. அடுத்த மாடு அடுத்த வாரம், இன்னொரு கட்டணத்துக்கு. பள்ளியில் ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஏறலாம், பக்கத்தில் ஏழு தடவை உலகச் சாம்பியன் நின்று பார்க்கிறார். மாடும் அவர் தொழுவத்து மாடு, எது இடப்பக்கம் சுழலும், எது நேரே துள்ளும் என்று அவருக்குத் தெரியும். புதுப் பையனுக்கு எதைக் கொடுப்பது என்று பார்த்துக் கொடுக்கலாம். முதல் நாளே ஒருவனும் டொர்னேடோவில் ஏற வேண்டியதில்லை.

அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். 1970 உலகச் சாம்பியன் கேரி லெஃப்யூ கலிஃபோர்னியாவில் பள்ளி வைத்து, சவாரியை முதலில் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். மெஸ்கீட் கூட்டாளி நீல் கேயின் மகன் டான் கே, காளைச் சவாரியில் எட்டுப் பட்டம் வாங்கி ஷோல்டர்ஸின் ஏழு பட்டச் சாதனையை முறியடித்தார். "சரிப்பா, சரி" என்றான் மகன். ஒத்துக்கொண்டானா, காபிக் கடை வந்துவிட்டதா, தெரியவில்லை.

ஐந்தாம் நாள், புதன்: ஹ்யூகோ

ஹென்ரியெட்டாவிலிருந்து தெற்கே ஹ்யூகோ வரை ஒரே சுங்கச்சாலை, 169 கிலோமீட்டர். இடையில் மலைக்காடு. எதிரே வண்டி வந்தால் பேத்தி எண்ணினாள், ரொம்ப நேரத்துக்கு நாற்பதைத் தாண்டவில்லை.

ஹ்யூகோ சர்க்கஸ் ஊர். குளிர்காலத்தில் சர்க்கஸ் கம்பெனிகள் வந்து தங்கும் இடம். இங்குள்ள மவுண்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டத்தில் சர்க்கஸ்காரர்களுக்கென்று தனிப் பகுதி, எல்லைக் கல்லில் யானை பொம்மை. ஒரு கல்லறை கூடாரம் வடிவத்தில். இதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள்.

நாங்கள் வந்தது வேறு இரண்டு கல்லறைகளுக்கு. ஃப்ரெக்கிள்ஸ் பிரவுனும், காளைச் சவாரி வீரன் லேன் ஃப்ராஸ்டும் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள்.

டொர்னேடோவை அடக்கிய ஃப்ரெக்கிள்ஸின் பண்ணை இங்கிருந்து பக்கம், சோப்பர் என்ற கிராமம். பதின்வயதில் லேனின் குடும்பம் யூட்டாவிலிருந்து இந்தப் பக்கம் குடிவந்தது. வந்த ஊரின் பெயரும் லேன்தான். பையன் பெயரால் வந்ததில்லை, தற்செயல். ஃப்ரெக்கிள்ஸ் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். பலகை, கட்டணம் ஒன்றும் கிடையாது, ஒரு கிழவர், ஒரு பையன். 1987 மார்ச்சில் ஃப்ரெக்கிள்ஸ் இறந்தார். அந்த டிசம்பரில் லேன் உலகச் சாம்பியன். அடுத்த வருஷம், 309 பேரைத் தள்ளிய ரெட் ராக் என்ற காளைமேல் ஏழு சவாரி செய்து நான்கில் ஜெயித்தான்.

1989 ஜூலை 30, வயோமிங் மாநிலம் ஷயென். லேன் எட்டு விநாடி முழுதாக உட்கார்ந்தான். மணி அடித்தது, மார்க் வந்தது. இறங்கினான், சேற்றில் விழுந்தான், எழுவதற்குள் காளை திரும்பிவந்து விலாவில் கொம்பால் முட்டியது. எழுந்து நின்று, கையசைத்து, சில அடி நடந்து விழுந்தான். வயது 25.

இறங்கத் தெரியாதவன் இல்லை அவன். எல்லாம் தெரிந்தவன். சேறு, அரை விநாடி. பெஞ்சில் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்த இடத்தில் போதவில்லை. அவனுடைய நண்பர் கோடி லேம்பர்ட் அதற்கப்புறம் ஒரு பாதுகாப்புச் சட்டை செய்தார், மார்பையும் முதுகையும் மூடுகிற மாதிரி. சனிக்கிழமை மெஸ்கீட்டில் மாடு ஏறிய பையன்களெல்லாம் அந்த வகைச் சட்டைதான் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அது எனக்கு யூனிஃபார்மாகத்தான் தெரிந்தது.

நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இப்போது 46 வயது இருக்கும், டொர்னேடோமேல் ஏறியபோது ஃப்ரெக்கிள்ஸுக்கு இருந்த வயது. திண்டுக்கல்லில் ஏதோ கடை வைத்திருப்பதாகக் கேள்வி. "ஏங்க, வெயில் ஏறுது" என்று மனைவி கூப்பிட்டாள்.

பாரிஸ் என்ற ஊர் வழியாக டெக்சஸுக்குத் திரும்பினோம். பாரிஸ் பார்த்தாயிற்று என்று மனைவி ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். எந்தப் பாரிஸ் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி சோபாவின் கைப்பிடியில் ஏறிவிட்டாள். வலது கையால் ஒரு துண்டைப் பிடித்து, இடது கையைத் தூக்கி, எட்டு எண்ணினாள். வலது பக்கம் பார்த்தாள், துண்டை விட்டாள், கையும் காலுமாகத் தரையில் விழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடி, சமையலறைச் சுவரைத் தொட்டாள். தாளித்துக்கொண்டிருந்த மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"மாடு எங்கடி?"